ஒளியும் சொல்லும் யாருக்கு உரியவை?

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுகள் இடையறாது கூடி வந்திருப்பது சிறிய செய்தியன்று. தமிழில் சிற்றிதழ்களும் சிறு அமைப்புகளும் தோன்றிய வேகத்திலேயே மறைவதுதான் வழக்கம். நாம் மறையாமல் இருந்திருக்கிறோம். ஆனால் நம் கூட்டங்களுக்கு வருவோரின் முகங்களை ஒருமுறை நோக்குங்கள். பத்தாண்டுகளுக்கு முன் வந்தவர்களே இன்றும் வருகிறோம். நம் எல்லோருக்கும் பத்து வயது கூடியிருக்கிறது. இந்தக் கவலையிலிருந்துதான், வரும் கோடை விடுமுறையில் நம் ஊர்ப் பதின்பருவப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாத எழுத்து, புகைப்படப் பட்டறை ஒன்றை நடத்தலாம் என்னும் கருத்து செயற்குழுவில் எழுந்தது. அதுபற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள்.

நல்ல கருத்து. இதில் ஐயமில்லை. ஆயினும், பட்டறையை எப்படி நடத்துவது என்பதற்கு முன்னால் இரண்டு வினாக்களுக்கு நாம் விடை காணவேண்டும் என்பது என் துணிபு. எழுத்தையும் படத்தையும் ஏன் ஒன்றாகக் கற்பிக்க வேண்டும் என்பது ஒன்று. அங்கே பிறக்கும் படங்களும் சொற்களும் யாருக்கு உரியவை என்பது மற்றொன்று. இரண்டாவது வினாவுக்குத் தெளிவான விடை இல்லாமல் தொடங்கினால், நாம் பிள்ளைகளுக்குச் செய்வது தொண்டாக இராது.

ஒரு துப்பாக்கியும் ஒரு கேமராவும்

இதனை விளக்க உங்களை வெகுதொலைவிலுள்ள ஓர் ஊருக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தின் கிழக்கே, அப்பலாச்சிய மலைத்தொடரில் லெட்சர் என்றொரு மாவட்டம் உண்டு. நிலக்கரிச் சுரங்கப் பகுதி. கரி வெட்டியவர்களின் வீட்டில் வறுமையும், வெட்டிய கரியை விற்றவர்களின் ஊரில் வளமும் சேர்ந்த கதை அது. 1964ஆம் ஆண்டில் அதிபர் லிண்டன் ஜான்சன் வறுமையின்மீது போர் தொடுப்பதாக அறிவித்தார். அதன்பின் அந்த மலைப்பகுதிக்கு உதவி வந்ததோ இல்லையோ, கேமராக்கள் வந்தன. செய்தியாளரும் திரைப்படக் குழுவினரும் வரிசையாக வந்து, ஒழுகும் கூரைகளையும் அழுக்குப் படிந்த குழந்தைகளின் முகங்களையும் படம்பிடித்துச் சென்றார்கள். நாட்டின் வறுமைக்கு அம்மக்களின் முகமே அடையாளமாயிற்று.

1967 செப்டம்பரில் ஹியூ ஓகானர் என்னும் கனடா நாட்டுத் திரைப்பட இயக்குநர் தம் குழுவினருடன் அங்கே சென்றிருந்தார். வாடகை வீட்டின் முன்திண்ணையில் அமர்ந்திருந்த ஒரு சுரங்கத் தொழிலாளியை அவருடைய இசைவுடனேயே படம்பிடித்தார்கள். அந்த வீடுகளின் உரிமையாளர் ஹோபார்ட் ஐசன் துப்பாக்கியுடன் வந்தார். தம் நிலத்தைவிட்டு வெளியேறுமாறு கூவினார். அவர்கள் கருவிகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறிக்கொண்டிருந்தபோதே சுட்டார். ஓகானர் அங்கேயே இறந்தார்.

கொலையைவிட நம்மைத் திகைக்க வைப்பது அதன்பின் நிகழ்ந்தது. ஊராரில் பலருடைய பரிவு கொன்றவர் பக்கமே நின்றது. எத்தனையோ கேமராக்கள் தங்களைக் கூனிக் குறுக வைத்ததற்கு அவர் பதில் சொல்லிவிட்டதாகவே அவர்கள் எண்ணினார்கள். அந்தக் கொலையை எவரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் அதன் அடியில் கிடந்த அவமானம் உண்மையானது. அதே மலைப்பகுதியில் பிறந்து வளர்ந்த எலிசபெத் பாரெட் என்னும் இயக்குநர் பிற்காலத்தில் இந்நிகழ்ச்சியை ஆராய்ந்து, 'கேமராவுடன் ஓர் அந்நியர்' என்னும் பொருள்படும் தலைப்பில் 2000ஆம் ஆண்டில் ஓர் ஆவணப்படம் எடுத்தார். கேமராவை யார் பிடிக்கிறார்கள், யாரை நோக்கிப் பிடிக்கிறார்கள், அந்தப் படம் பிறகு எங்கே போகிறது என்னும் மூன்று வினாக்களை அந்தப் படம் நம்முன் வைக்கிறது.

இந்தக் கதைக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. அதுதான் நமக்கு வழிகாட்டுவது. கொலை நிகழ்ந்த இரண்டே ஆண்டுகளில், 1969இல், அதே மாவட்டத்தின் தலைமை ஊரான வொயிட்ஸ்பர்கில், உள்ளூர் இளைஞர்களுக்குத் திரைப்படக் கலையைப் பயிற்றுவிக்கும் பட்டறை ஒன்று அரசின் உதவியோடு தொடங்கப்பெற்றது. அரசு உதவி நின்ற பின்னரும் அதை இளைஞர்கள் விடவில்லை. தாங்களே எடுத்து நடத்தினார்கள். ஆப்பல்ஷாப் என்னும் பெயரில் அது வளர்ந்தது. படம்பிடிக்கப்படுவோராக மட்டுமே இருந்த மக்கள் படம்பிடிப்போராக மாறினார்கள். துப்பாக்கியால் சொல்லப்பட்ட பதிலுக்கும் பட்டறையால் சொல்லப்பட்ட பதிலுக்கும் உள்ள தொலைவு இரண்டே ஆண்டுகள் என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

படம் முன்னே, சொல் பின்னே

1975ஆம் ஆண்டில் இதே மாவட்டத்துக்கு வெண்டி ஈவால்ட் என்னும் இளம் புகைப்படக் கலைஞர் வந்தார். மலைக்கிராமங்களின் சிறு பள்ளிகளில் பிள்ளைகளுக்குப் புகைப்படம் கற்பித்தார். கேமராவை இரவலாகத் தராமல், பிள்ளைகளே சிறு தொகை சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். படச்சுருளைக் கழுவவும் இருட்டறையில் பிரதி எடுக்கவும் அவர்களுக்கே கற்றுக்கொடுத்தார். அவர் வகுத்துக்கொடுத்த பொருள்கள் நான்கு: தன்னைப் பற்றிய படம், தன் குடும்பம், தன் ஊர், தன் கனவு. படம் எடுத்தபின் அதைப் பற்றிப் பேசவேண்டும், எழுதவேண்டும்.

முதல் மூன்றும் நாமும் எண்ணக்கூடியவையே. நான்காவதில்தான் புதுமை. கனவை எப்படிப் படம்பிடிப்பது? பிள்ளைகள் பிடித்தார்கள். ஒரு சிறுவன் தன் உயிர்நண்பனைத் தானே கொன்றுவிட்டதாகக் கண்ட கனவை, அந்த நண்பனையே ஒரு மரத்தின் கவட்டில் உயிரற்றவன்போலக் கிடத்திப் படமெடுத்தான். குழந்தைமை என்றால் கள்ளமற்ற சிரிப்பு என்று நாம் கருதிக்கொண்டிருக்கிறோம். அந்தப் பிள்ளைகளின் படங்களில் சாவும் அச்சமும் குற்ற உணர்வும் நாய்க்குட்டியும் பன்றிக்கறியும் பாட்டியும் ஒருசேர இருந்தன. படங்களும் அவர்களுடைய சொற்களும் 1985இல் நூலாக வெளிவந்தன. வெளியிலிருந்து வந்த எந்தக் கேமராவும் அந்த மலைமக்களை அப்படிக் காட்டியதில்லை.

ஈவால்டின் பணி நம் நாட்டையும் தொட்டிருக்கிறது. குஜராத்தின் விச்சியா என்னும் சிற்றூரில் பிள்ளைகளோடு அவர் செய்த பணி 1996இல் நூலாயிற்று. 1990ஆம் ஆண்டையொட்டி வட கரோலினா மாநிலத்தின் டர்ஹாம் நகரில், டியூக் பல்கலைக்கழகத்தின் ஆவணக்கலை மையத்தோடு இணைந்து, புகைப்படத்தின் வழியே எழுத்தறிவு என்னும் திட்டத்தை நகரப் பள்ளிகளில் தொடங்கினார். அங்கே அவர் கொடுத்த ஒரு பயிற்சி குறிப்பிடத்தக்கது. கறுப்பினப் பிள்ளைகள் தம்மை வெள்ளையராகவும், வெள்ளையினப் பிள்ளைகள் தம்மைக் கறுப்பராகவும் கற்பனை செய்து எழுதவேண்டும். பின்னர் அந்த வேடத்தில் தம்மைப் படமெடுக்கச் செய்து, நெகட்டிவின் மீதே கீறியும் எழுதியும் அதை மாற்றவேண்டும். அதைப் படிக்கும்போது நம் ஊரை எண்ணாமல் இருக்க முடியவில்லை. ஒரே வகுப்பில் அருகருகே அமரும் இரண்டு பிள்ளைகள், மற்றவருடைய தெருவில் தாம் பிறந்திருந்தால் என்று எழுதுவார்களானால் என்ன எழுதுவார்கள்? அப்படி எழுதச் சொல்லும் துணிவு நமக்கு உண்டா?

முதல், கரு, உரி

இப்போது முதல் வினாவுக்கு வருகிறேன். எழுத்தோடு படம் எதற்கு?

நம் பிள்ளைகள் பள்ளியில் எழுதும் கட்டுரைகளை நீங்கள் அறிவீர்கள். ஒரு ரூபாய் நாணயத்தின் தன்வரலாறு, நான் கண்ட பொருட்காட்சி, மழைநீரைச் சேமிப்போம். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று அச்சில் வார்த்தது போல அமையும். கண்டதை எழுதுமாறு கேட்டாலும், முன்பு யாரோ எழுதியதைத்தான் எழுதுவார்கள். இதில் பிள்ளைகளின் குறை ஏதுமில்லை. மதிப்பெண் அதற்குத்தான் கிடைக்கிறது. கவியரங்கங்களில் நாமும் நிலவையும் தென்றலையும் இரவல் வாங்கிக்கொண்டுதானே வருகிறோம்?

கேமராவுக்கு இரவல் வாங்கத் தெரியாது. 'தாய்மை' என்பதை அதனால் படம்பிடிக்க இயலாது. ஒரு தாயைத்தான் பிடிக்க முடியும். அவள் இடக்கையில் எரிகாயத் தழும்பு இருந்தால் அது விழும். பின்னால் கொடியில் காயும் பள்ளிச் சீருடையும் விழும். பொதுமையில் பழகிய கண்ணைத் தனிமையின் பக்கம் திருப்புவதற்கு இதைவிட நல்ல கருவி இல்லை.

இந்த முறைமை நமக்கு அந்நியமானதும் அன்று. தொல்காப்பியர் அகத்திணையில் முதல், கரு, உரி எனப் பொருளை மூன்றாக வகுத்தார். நிலமும் பொழுதும் முதல். தெய்வம், உணா, மா, மரம், புள், பறை, செய்தி, யாழ் முதலியன கரு. புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்னும் ஒழுக்கங்கள் உரி. பாடலுள் பயிலுங்கால் இம்மூன்றும் ஒன்றினும் ஒன்று சிறந்தது என்பதும் அவர் கருத்து. அதாவது உணர்ச்சியே சிறந்தது; ஆனால் அதற்குச் செல்லும் வழி நிலத்தையும் பொழுதையும் பொருளையும் கடந்தே செல்கிறது. படம் என்பது முதலும் கருவும். எழுத்து என்பது உரியைத் தேடுவது.

எனவே நம் பட்டறையின் முதல் வாரப் பயிற்சியை இலக்கணத்திலிருந்தே எடுக்கலாம் என்பேன். உன் தெருவின் தெய்வம் எது? அங்கே காலையில் எந்த உணவின் மணம் வருகிறது? திரியும் விலங்கு எது, நிற்கும் மரம் எது, வந்து அமரும் பறவை எது? கேட்கும் பறை என்ன, பாட்டு என்ன? தெருவார் செய்யும் தொழில் என்ன? எட்டையும் படம்பிடித்து வா. மறுநாள் அந்த எட்டுப் படங்களில் ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டு, படத்தில் தெரியாததை எழுது: அதன் மணம், ஓசை, சட்டகத்துக்கு வெளியே நின்றவர் யார், படம் எடுப்பதற்கு ஒரு நொடி முன்னர் என்ன நிகழ்ந்தது. இங்கேதான் எழுத்துப் பிறக்கிறது. படம் காட்டிவிட்டதையே எழுத்தும் திரும்பச் சொல்லுமானால் இரண்டில் ஒன்று வீண்.

பொழுதைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்பது இலக்கணம். அதே இளவேனிலில்தான் அக்னி நட்சத்திரமும் வருகிறது! உச்சி வெயிலில் எடுக்கும் படத்தில் கண்கள் இருண்ட குழிகளாகிவிடும். பிள்ளைகளின் உடலுக்கும் அது ஆகாது. வைகறையும் காலையும், பின்னர் எற்பாடும் மாலையும் என்று நம் முன்னோர் பிரித்துவைத்த சிறுபொழுதுகளே புகைப்படக்காரருக்கும் உகந்த பொழுதுகள். சாயுங்கதிரில் ஒரு மண்சுவரின் மேடுபள்ளங்கள்கூடத் தெளிவாகத் தெரியும். ஆகவே காலை ஏழு மணிக்கு முன் படம். நண்பகலில் நிழலில் அமர்ந்து எழுத்து. ஐந்து மணிக்குப்பின் மீண்டும் படம். நெய்தலுக்கு ஏன் எற்பாடு வைத்தார்கள் என்பதை ஒரு பிள்ளை வெளிச்சத்தைப் பார்த்தே அறிந்துகொள்ளட்டும்.

இன்னொன்று. படச்சுருள் காலத்தில் ஒரு சுருளில் முப்பத்தாறு படங்கள். ஒவ்வொரு சொடுக்கும் காசு. அதனால் எடுப்பதற்கு முன் யோசித்தார்கள். இன்று வீட்டில் ஒரு கைப்பேசியேனும் இருக்கிறது. நூறு படங்கள் எடுத்தாலும் செலவில்லை. கருவியின் பஞ்சம் பெரும்பாலும் தீர்ந்தது. தேர்வின் பஞ்சம் வந்திருக்கிறது. எனவே பட்டறையில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு படங்களே என்று வரம்பு வைப்போம். அவற்றில் ஒன்றைத் தேர்ந்து, ஏன் தேர்ந்தாய் என்று பத்து வரி எழுதச் செய்வோம். நூறு சொற்களில் பத்தை விட்டுவைக்கத் தெரிந்தவரே கவிஞர் என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டுவதில்லை.

இலவசம் என்னும் சொல்

கட்டணமில்லை என்று அறிவிப்பது எளிது. அதனால் எல்லோரும் வந்துவிடுவார்கள் என்று கருதுவது பேதைமை. கோடை விடுமுறையில் நம் ஊரின் எத்தனையோ பிள்ளைகள் மளிகைக் கடையிலும் தேநீர்க் கடையிலும் பட்டறைகளிலும் வேலை பார்த்து, அடுத்த ஆண்டின் நோட்டுப் புத்தகத்துக்கும் காலணிக்கும் காசு சேர்க்கிறார்கள். அவனிடம் போய், நான்கு வாரம் வா, இலவசம் என்றால், நான்கு வாரக் கூலியை இழந்து வா என்றே அவன் காதில் விழும். பேருந்துக் கட்டணம், நண்பகல் உணவு, இழக்கும் கூலி ஆகிய மூன்றையும் கணக்கிடாத இலவசம் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே இலவசம்.

ஆப்பல்ஷாப் இதை நன்கு உணர்ந்தது. 1988இல் அது தொடங்கிய இளையோர் ஊடகப் பயிற்சி நிலையத்தில், கோடைக்காலத்தில் ஆவணப்படம் எடுக்கப் பயிலும் உள்ளூர் இளையோருக்கு ஊதியம் வழங்கும் முறையைக் கையாண்டார்கள். வேலைவாய்ப்பு அருகிய மலைப்பகுதியில், கற்பதும் உழைப்பே என்று ஒப்புக்கொண்ட செயல் அது. ஈவால்ட் பிள்ளைகளையே கேமரா வாங்கச் சொன்னதற்கும் இதற்கும் முரண் இருப்பதுபோலத் தோன்றலாம். அடிப்படை ஒன்றே. பிள்ளையை இரப்போனாக நிறுத்தக்கூடாது. கருவி அவனுடையதாக இருக்கவேண்டும். அவனுடைய நேரத்துக்கும் மதிப்பு இருக்கவேண்டும். நம்மால் ஊதியம் வழங்க இயலாவிடினும், நாளொன்றுக்கு ஒருவேளை உணவும் பேருந்துக் கட்டணமும் வழங்க இயலும். ஆண்டுவிழாப் பொன்னாடைகளின் செலவை ஓராண்டு நிறுத்திவைத்தாலே போதும்.

பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். பதினைந்து வயதுப் பெண் கையில் கேமராவுடன் கடைத்தெருவில் நின்றால் எத்தனை கண்கள் அவளை நோக்கும் என்பது நமக்குத் தெரியும். பார்க்கப்படுவதற்கென்றே வளர்க்கப்படும் ஒருத்தி, பார்ப்பவளாக நிற்பது ஒரு பெரிய மாற்றம். அதனை வீட்டார் எளிதில் ஒப்பமாட்டார்கள். எனவே பட்டறை நம் மாடியறையில் வேண்டாம். கிளை நூலகத்தில் நடக்கட்டும். 1948ஆம் ஆண்டிலேயே பொதுநூலகச் சட்டம் கண்ட மாநிலம் இது. நூலகம் என்றால் வீட்டார் அனுப்புவார்கள். பெண் ஆசிரியர் இருவரேனும் நாள்தோறும் உடனிருக்கவேண்டும். மாலைப் படப்பிடிப்பு முடிந்ததும் வீடுவரை கொண்டுசேர்க்கும் பொறுப்பு வட்டத்தினுடையது.

படத்துக்கு உரியவர் யார்?

இனி இரண்டாவது வினா. கொல்கத்தாவின் சோனாகாச்சிப் பகுதியில் பாலியல் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு ஜானா பிரிஸ்கி என்னும் புகைப்படக் கலைஞர் கேமரா கொடுத்துப் பயிற்றுவித்தார். அதைப் பற்றி அவரும் ராஸ் காஃப்மனும் எடுத்த ஆவணப்படம் 2005இல் ஆஸ்கர் விருது பெற்றது. பிள்ளைகளின் படங்கள் வெளிநாடுகளில் காட்சிக்கு வைக்கப்பட்டன. விற்ற பணம் அவர்களின் கல்விக்கெனச் செலவிடப்பட்டது. அந்தப் படங்களில் உயிர் இருந்தது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆயினும் ஆவணப்படத்தைக் குறித்துக் கடுமையான விமர்சனங்கள் எழுந்தன. பிள்ளைகளின் தாய்மாரை இரக்கமற்றவர்களாகக் காட்டிவிட்டது. அவர்களுடைய வாழ்வின் மறைவைக் காக்கத் தவறியது. அப்பகுதிப் பெண்கள் தாங்களே கட்டிய அமைப்புகளின் உழைப்பைக் காட்டவில்லை என்றார்கள். பிள்ளையின் கையில் கேமராவைக் கொடுத்தவர், அந்தப் பிள்ளையை நோக்கி இன்னொரு கேமராவையும் வைத்திருந்தார். சிக்கல் அங்கேதான்.

நம்முடைய நிலையும் இதுவே. ஆண்டுமலரில் போட, நன்கொடையாளருக்குக் காட்ட, நாளிதழுக்கு அனுப்ப, பட்டறைப் பிள்ளைகளின் வறுமையைப் படமாக்கும் ஆசை நமக்கும் வரும். அந்த ஆசைக்கு இடங்கொடுக்கலாகாது.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, புகைப்படத்தின் ஆசிரியர் அதை எடுத்தவரே. அவருக்குப் பன்னிரண்டு வயதானாலும் அதுவே விதி. 2012ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின் ஏனைய படைப்புகளைப் போலவே புகைப்படத்துக்கும் எடுத்தவரின் வாழ்நாளும் அதன்பின் அறுபது ஆண்டுகளும் உரிமை நீடிக்கிறது. அதாவது, நம்மிடம் கற்ற சிறுமி எடுத்த படம், நாமெல்லாரும் மறைந்த பின்னரும் அவளுடையதாகவே இருக்கும். பதினெட்டு வயதுக்குட்பட்டோரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் எண்முறைத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது. ஆனால் சட்டத்துக்காக மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. கவிதையின் கீழ்த் தம் பெயரில் ஓர் எழுத்துப் பிழைபட்டாலும் பொறாதவர்கள் நாம். பிள்ளையின் படத்தின்கீழ் 'பட்டறை மாணவர்' என்று மட்டும் போடுவது எவ்வகை அறம்?

ஆகவே மூன்று விதிகளை முன்மொழிகிறேன். எந்தப் படமும் எழுத்தும் எடுத்தவர், எழுதியவர் இசைவின்றி வெளிவரலாகாது. வெளிவந்தால் அவர் விரும்பும் பெயரோடு வரவேண்டும். படத்தில் உள்ளவரிடம் எடுக்குமுன் கேட்கவேண்டும், எடுத்தபின் காட்டவேண்டும், ஒரு பிரதி கொடுக்கவேண்டும். இசைந்தவர் பின்னர் வேண்டாம் என்றால் அதை மறுவினாவின்றி ஏற்கவேண்டும். ஓகானருக்குத் திண்ணையில் இருந்தவரின் இசைவு இருந்தது. ஆனால் ஓர் ஊரே தன்னை யாரும் கேட்கவில்லை என்று எண்ணியது. கேட்பது என்பது ஒருவரோடு முடிவதில்லை.

சிவப்பு மையின் அடக்கம்

கவிஞர் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள்தாம் பட்டறையின் ஆசிரியர்கள். பிள்ளை எழுதிய தாளைக் கையில் வாங்கியதும் உங்கள் பேனா தானாகத் திறந்துகொள்ளும். அங்கே கொஞ்சம் அடக்கம் வேண்டும். ஒற்றுமிகாப் பிழையைத் திருத்துங்கள். வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் வீட்டில் வழங்கும் சொல்லை வெட்டிவிட்டு நூற்சொல்லை எழுதாதீர்கள். மீன் விற்பவரின் மகளுக்குத் தெரிந்த மீன்பெயர்களில் பாதி நமக்குத் தெரியாது. தறிக்காரர் மகன் தறியின் உறுப்புகளுக்குச் சொல்லும் பெயர்கள் பல நம் அகராதிகளில் இல்லை. கி. ராஜநாராயணன் 1982இல் வட்டார வழக்குச் சொல்லகராதியைத் தொகுத்து வெளியிட்டபோது செய்தது என்ன? பேச்சில் கிடந்த சொற்களை, எழுத்தின் வாசலில் நிறுத்தாமல் உள்ளே அழைத்து அமரச் செய்தார். பள்ளிப் படிப்பை முடிக்காத அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியராக அமர்த்தியது. நம் பட்டறை நான்கு வாரத்தில் பிள்ளைகளிடமிருந்து நூறு சொற்களைப் பெற்றுக் குறித்துவைக்குமானால், கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்பதை நீங்களே சொல்லுங்கள்.

அதுபோலவே, எந்தப் பிள்ளையும் கவிஞராகவேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். துன்பத்தை எழுதுமாறு தூண்டவும் வேண்டாம். ஒரு சிறுவன் தன் தந்தையின் குடியைப் பற்றி எழுதினால், அதை மேடையில் படிக்கச் செய்து கைதட்டல் வாங்கித் தருவது நம் வேலையன்று. அவன் அதை எழுதிக் கிழித்தாலும் பட்டறை வென்றதாகவே கொள்ளவேண்டும்.

கோடைக்குப் பின்

பள்ளி திறந்ததும் என்ன ஆகும்? இதுவே பட்டறைகள் பெரும்பாலும் மறந்துவிடும் வினா. நிறைவு விழாவில் சான்றிதழ் வழங்கிவிட்டுக் கலைந்துவிட்டால், திறந்துவிட்ட கண்களோடு பிள்ளையைத் தனியே விட்டவர்களாவோம். ஈவால்ட் தாம் கற்பித்த கென்டக்கிப் பிள்ளைகளைப் பல ஆண்டுகளுக்குப் பின் நடுவயதினராகத் தேடிச் சென்று சந்தித்தார். பாரெட்டோடு சேர்ந்து அதை 2020இல் ஆவணப்படமாக்கினார். உறவு முப்பது நாளில் முடிவதன்று.

நம் மண்ணிலும் சான்று உண்டு. மதுரைப் பக்கத்தைச் சேர்ந்த எம். பழனி குமார் மீன் விற்ற தாயின் மகன். துப்புரவுத் தொழிலாளர்களின் வாழ்வையும் சாவையும் விடாது பதிவுசெய்து வருபவர். கிராமப்புற இந்தியாவுக்கான ஆவணக் காப்பகமாகிய பாரியில் பணியாற்றுபவர். 2022இல் தயாநிதா சிங்–பாரி ஆவணப் புகைப்பட விருதைப் பெற்றார். தாம் ஏறிவந்த ஏணியை அவர் எடுத்துவைத்துக்கொள்ளவில்லை. மீனவர், துப்புரவுத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் புகைப்படம் கற்பித்து வருகிறார். உள்ளிருந்து எழும் பார்வை எவ்வளவு வலிமையானது என்பதற்கு அவரது பணியே போதும்.

படங்களைப் பேணுவதும் நம் கடமை. 2022 ஜூலையில் கிழக்குக் கென்டக்கியில் பெருவெள்ளம் வந்தது. ஆப்பல்ஷாப்பின் கட்டடத்துக்குள் நீர் புகுந்து, பல பத்தாண்டுகளாகச் சேர்த்த படச்சுருள்களும் ஒலிநாடாக்களும் சேற்றில் மூழ்கின. அவற்றை மீட்டுத் தூய்மைசெய்யும் பணி நெடிதாயிற்று. கைப்பேசியில் கிடக்கும் படத்துக்கு வெள்ளமும் வேண்டியதில்லை. கைப்பேசி கீழே விழுந்தாலே போதும். ஒவ்வொரு பிள்ளையின் தேர்ந்த பத்துப் படங்களைத் தாளில் அச்சிட்டு, எழுத்தோடு தைத்து, ஒரு பிரதி வீட்டுக்கும் ஒரு பிரதி கிளை நூலகத்துக்கும் கொடுப்போம். ஐம்பது ஆண்டு கழித்து இவ்வூரின் தெரு எப்படி இருந்தது என்று அறிய விரும்புவோருக்கு, நம் கவிதைத் தொகுதிகளைவிட அந்தத் தையற்கட்டுகள் மிகுதியும் பயன்படும் என்று நான் சொன்னால் என்மீது சினங்கொள்ள மாட்டீர்கள் என நம்புகிறேன்.

அன்பர்களே, பத்தாண்டுகளாக நாம் நம்மை வாசித்துக்கொண்டிருக்கிறோம். பதினோராவது ஆண்டில் நம் ஊரை வாசிக்கத் தொடங்குவோம். அதைப் படிக்கக் கொடுப்பவர்கள் பதின்பருவப் பிள்ளைகளாக இருக்கட்டும். செயற்குழு அடுத்த கூட்டத்தில் இந்த விதிகளை எழுத்து வடிவில் ஏற்று, அதன்பின்னரே பட்டறைக்கு நாள் குறிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.